யார் சொல்வது செல்லும்?

சில ஆண்டுகளுக்கு முன், வேலை பார்த்த அலுவலகத்தில் இருந்தபோது என் கைப்பேசி எண்ணை மாற்றினேன். ஊழியர்களுக்கான உள் இணையப் பக்கத்தில் பழைய எண்ணை அழித்துப் புதியதைப் போட்டேன். ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் செய்தியும் வந்தது. மறுநாள் காலை பார்த்தால் பழைய எண் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. பொத்தானைச் சரியாக அழுத்தவில்லை போலும் என்று மறுபடி மாற்றினேன். அடுத்த நாளும் அதே கதை. மூன்றாம் நாள் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு ஐ.டி. பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் ஒரு நிமிடம் எதையோ தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், நீங்க மாத்துறது சரியாத்தான் மாறுது. ராத்திரி ரெண்டு மணிக்கு எச்.ஆர். வந்து திரும்ப மாத்திடுது.”

எச்.ஆர். என்று அவர் சொன்னது மேல்மாடியில் இருந்த மனிதவளப் பிரிவினரை அல்ல, அவர்களுடைய மென்பொருளை. வேலையில் சேர்ந்த அன்று படிவத்தில் நான் எழுதிக்கொடுத்த எண் அதில் இருந்தது. தினமும் நள்ளிரவு தாண்டி ஒரு நிரல் எழுந்து, அதிலுள்ள விவரங்களை வாரிக்கொண்டு போய் மற்ற இடங்களிலெல்லாம் ஒட்டிவிட்டு மறுபடி தூங்கிப் போகும். இதைப் பிழை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். பிழை இல்லை. யாரோ ஒருவர், எப்போதோ, ஒரு பட்டியலில் ‘கைப்பேசி எண்’ என்ற வரிக்கு எதிரே ‘எச்.ஆர். சொல்வதே செல்லும்’ என்று குறித்து வைத்திருந்தார். இயந்திரம் அவர் பேச்சைத் தட்டாமல் கேட்டது. அவ்வளவுதான்.

ஒருவர் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவருக்குப் பல பிரதிகள் பிறந்துவிடுகின்றன. சம்பளத்துக்கு எச்.ஆர். மென்பொருளில் ஒன்று, கணினிக்குள் நுழைய மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி என்ற பெயரேட்டில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, கதவைத் திறக்கும் அட்டைக்கு ஒன்று, மேசைத் தொலைபேசிப் பட்டியலில் ஒன்று, கேன்டீன் கணக்கில் ஒன்று. இவை ஒவ்வொன்றையும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிறுவனம் செய்து விற்றது. ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது. இவற்றை முரண்படாமல் வைத்திருப்பதுதான் அடையாள மேலாண்மை மென்பொருளின் முதல் வேலை. அலுவலகப் பேச்சில் ‘சிங்க்’, நூல் தமிழில் ‘ஒத்திசைவு’. பெயரைக் கேட்டால் நகலெடுக்கிற வேலைபோலத் தோன்றும். நகலெடுப்பது இதில் மிக எளிய பகுதி.

பிரதிகளே வேண்டாம், உலகம் முழுமைக்கும் ஒரே பெயரேடு போதும் என்று கனவு கண்டவர்களும் இருந்தார்கள். 1988இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்புத் தர அமைப்பு எக்ஸ்.500 என்ற தரத்தை ஏற்றுக்கொண்டது. நாடு, நிறுவனம், துறை, ஆள் என்று கிளை பிரியும் ஒரு மாபெரும் மரம். பூமியில் யாரை வேண்டுமானாலும் அதில் தேடிப் பிடிக்கலாம். அந்தக் காலத்து மேசைக் கணினிகளால் அதன் கனத்தைத் தூக்க முடியவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹோவ்ஸும் கூட்டாளிகளும் அதை இளைக்கவைத்து ‘எல்டாப்’ என்ற எளிய நெறிமுறையை உருவாக்கினார்கள். அதன் முதல் ஆவணம் 1993இல் வந்தது. இன்றும் அலுவலகக் கணினிகள் ‘இவர் யார்?’ என்று கேட்டுக்கொள்வது பெரும்பாலும் அந்த மொழியில்தான். மொழி நிலைத்தது, ஒரே பெயரேடு என்ற கனவு கலைந்தது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஒரு பெயர்ப் பட்டியலை வைத்துக்கொள்வதை யாராலும் தடுக்க முடியவில்லை.

அப்படியானால் பட்டியல்களுக்கு நடுவே ஒரு மத்தியஸ்தரை உட்காரவைப்போம் என்ற யோசனை வந்தது. கனடாவின் டொரொன்டோவில் இருந்த ஜூமிட் என்ற சிறு நிறுவனம் அதைச் செய்தது. 1999இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிக்கொண்டது. எல்லா அமைப்புகளிலிருந்தும் வரும் விவரங்கள் சேர்ந்து ஒரு ஆளாக உருப்பெறும் நடுப்பகுதிக்கு அந்த மென்பொருளில் ‘மெட்டாவெர்ஸ்’ என்று பெயர். ஃபேஸ்புக் 2021இல் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டு அந்தச் சொல்லை உலகெங்கும் பரப்புவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, சர்வர் அறைகளில் ஒரு மெட்டாவெர்ஸ் இருந்தது. அதில் மனிதர்கள் இருந்தார்கள், ஆனால் பறக்கவில்லை. துறை, அறை எண், மேலாளர் பெயர் என்ற மூன்று நான்கு வரிகளாக இருந்தார்கள்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்த நோவெல் நிறுவனம் ஏறக்குறைய அதே காலத்தில் வேறு வழியில் போனது. அது செய்த மென்பொருளுக்கு முதலில் டிர்எக்ஸ்எம்எல் என்றும் பிறகு ஐடென்டிட்டி மேனேஜர் என்றும் பெயர். நோவெல் கைமாறிக் கைமாறி, அந்த மென்பொருள் இப்போது ஓப்பன்டெக்ஸ்ட் நிறுவனத்தின் பொருளாக இருக்கிறது.

இந்த இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கடைத்தெருவில் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் வழி, ராத்திரி கடையடைத்தபின் இருப்பை எண்ணிப் பார்க்கும் கடைக்காரர் வழி. போன முறை எண்ணியபோது என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது, வித்தியாசம் என்ன என்று பார்த்து அதைமட்டும் அடுத்த இடத்துக்கு அனுப்பும். நோவெல் வழி, ஒவ்வொரு விற்பனைக்கும் அந்தக் கணமே பில் போடுபவர் வழி. ஒருவரின் துறை மாறியதா? உடனே ஒரு சிறு செய்தி கிளம்பும். பில் போடுபவர் வேகமானவர். ஆனால் ஒரு பில் தொலைந்தால் அப்படியொரு விற்பனை நடந்ததே அவருக்குத் தெரியாது. இருப்பு எண்ணுபவர் தாமதமானவர். நேற்று தவறவிட்டதை இன்று எப்படியும் பிடித்துவிடுவார். நல்ல கடைகளில் இரண்டும் உண்டு. அதுபோல, நிகழ்வு வழியில் ஓடும் மென்பொருள்களும் ‘எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒப்பிடு’ என்று ஒரு பொத்தானை வைத்திருக்கும். அதை அழுத்தும் நாளில் சர்வர் அறையில் யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போவதில்லை.

நோவெலின் அமைப்பைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம். ‘யார் சொல்வது செல்லும்’ என்ற கேள்வியை இவ்வளவு பட்டவர்த்தனமாகத் திரையில் வைத்த மென்பொருள் குறைவு. நடுவில் அடையாளப் பெட்டகம். சுற்றிலும் இணைக்கப்பட்ட அமைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பெட்டகத்துக்கும் இடையே ஒரு டிரைவர். டிரைவருக்குள் இரண்டு வாய்க்கால்கள்: வெளியமைப்பிலிருந்து பெட்டகத்துக்கு வருவது ‘பப்ளிஷர்’, பெட்டகத்திலிருந்து வெளியமைப்புக்குப் போவது ‘சப்ஸ்கிரைபர்’. புதிதாக வருபவரை இந்தப் பெயர்கள் ஒரு வாரமாவது குழப்பும். பெட்டகத்தின் பக்கம் நின்றுகொண்டு பார்ப்பதால் வரும் குழப்பம் அது. பத்திரிகை வெளியிடுவதும் சந்தா கட்டுவதும் வெளியமைப்பு என்று நினைத்துக்கொண்டால் தெளிந்துவிடும்.

ஒவ்வொரு வாய்க்காலிலும் ஒரு சல்லடை. பெயர், துறை, தொலைபேசி என்று ஒவ்வொரு புலத்துக்கும் ஒவ்வொரு திசைக்கும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘ஒத்திசை’ என்றால் மாற்றம் கடந்து போகும். ‘புறக்கணி’ என்றால் மாறினாலும் கண்டுகொள்ளாது. ‘தெரிவி’ என்றால் மாறியதை உள்ளே இருக்கும் விதிகளுக்குச் சொல்லும், தானாக எதையும் எடுத்துப் போகாது. நான்காவது ‘மீட்டமை’. இந்தப் பக்கத்தில் யாராவது கைவைத்தால், எதிர்ப்பக்கம் இருக்கும் மதிப்பைக் கொண்டுவந்து பழையபடி ஆக்கிவிடும். என் அலுவலகத்தில் இருந்தது இரவில் ஓடும் வகை என்பதால் என் புதிய எண் ஒரு பகல் உயிரோடு இருந்தது. நோவெலின் அமைப்பு என்றால் பச்சை நிறச் செய்தி மறைவதற்குள் போயிருக்கும்.

இந்தச் சல்லடைப் பட்டியலை நிரப்ப ஒரு மணி நேரம் போதும். எதை நிரப்புவது என்று முடிவெடுக்க மூன்று மாதம் ஆகும். எல்லாத் துறையினரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, ஒவ்வொரு புலமாக ‘இது யாருடையது?’ என்று கேட்பார்கள். பெயர் எங்களுடையது என்பார்கள் எச்.ஆர்.காரர்கள். சரி. மின்னஞ்சல் முகவரி? அதை மின்னஞ்சல் அமைப்புதான் உண்டாக்குகிறது. ஆகவே அது அங்கிருந்து கிளம்பி எச்.ஆருக்குள் எதிர்த்திசையில் போக வேண்டும். மேசைத் தொலைபேசி எண் எக்ஸ்சேஞ்சைப் பார்ப்பவருடையது. அறை எண்? மௌனம். இடமாற்றம் நடந்தால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. மேசையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மேலாளர் யார் என்ற புலத்தில்தான் நிஜமான சண்டை. சம்பளப் பதிவேட்டில் ஒருவர், அன்றாடம் வேலை வாங்குபவர் இன்னொருவர். விடுப்பு விண்ணப்பம் யாருக்குப் போக வேண்டும் என்பது இந்த ஒரு புலத்தைப் பொறுத்தது. இத்தனை ஆண்டுகளாக யாரும் கேட்காமல் விட்டதால் சுமுகமாக நடந்துவந்த விஷயத்தை, இயந்திரம் ‘ஒருவரைச் சொல்லு’ என்று கேட்டுக் கெடுத்துவிடும். இதைக் கணினிச் சிக்கல் என்று ஐ.டி. பிரிவின் தலையில் கட்டுவது வழக்கம். உரிமை அமைப்புவாரியாகப் பிரிவதில்லை, புலம்வாரியாகப் பிரிகிறது என்பதை அந்தக் கூட்டத்தில் ஒருவர் புரிந்துகொண்டாலும் பாதி வேலை முடிந்தது.

உரிமையாளர் யார் என்று முடிவானபிறகும் ஒரு பொறி காத்திருக்கிறது. உரிமையாளரின் ஏட்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தால்? எச்.ஆரில் கைப்பேசி எண் காலியாக இருப்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ‘இவருக்குக் கைப்பேசி கிடையாது’ என்பது ஒன்று. ‘எனக்குத் தெரியாது, என்னைக் கேட்காதே’ என்பது இன்னொன்று. மனிதர்கள் குரலிலிருந்து இதைப் பிரித்துக்கொள்கிறோம். மென்பொருளுக்கு இரண்டும் ஒரே வெற்றிடம். அந்த வெற்றிடத்தை உரிமையாளரின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு மற்ற எல்லா இடத்திலும் ஒட்டினால், ஒரே இரவில் அலுவலகத் தொலைபேசிப் பட்டியல் துடைத்துவிட்ட பலகையாகிவிடும். மைக்ரோசாஃப்டின் இன்றைய ஒத்திசைவு மென்பொருளில் இதற்கென்றே இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. ஒன்று, இந்தப் புலத்தைப் பற்றி எனக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை, அடுத்தவரைக் கேள் என்பது. மற்றது, இல்லை என்று அதிகாரபூர்வமாகவே சொல்கிறேன், வேறு யார் சொன்னாலும் கேட்காதே என்பது. ஒன்றுமில்லாததைச் சொல்ல இரண்டு சொல் வேண்டியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

*

இவ்வளவும், இரண்டு ஏடுகளில் இருப்பவர் ஒரே ஆள்தான் என்று தெரிந்தபிறகு நடப்பவை. அதை எப்படித் தெரிந்துகொள்வது? இங்கே தமிழர்களுக்குத் தனிப்பட்ட வருத்தம் ஒன்று உண்டு.

எல்டாப் தரத்தில் ‘ஆள்’ என்ற வகைக்கு இரண்டு புலங்கள் கட்டாயம்: முழுப்பெயர், குடும்பப்பெயர். முதற்பெயர்கூடக் கட்டாயம் இல்லை. குடும்பப்பெயர் இல்லாவிட்டால் அந்தப் பதிவையே ஏற்காது. தரத்தின் கணக்குப்படி அப்படி ஒரு ஆளே கிடையாது. செல்வத்தின் மகள் கயல்விழி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் ‘செ. கயல்விழி’. ஆங்கிலப் படிவத்தில் எஸ் என்ற எழுத்து பின்னால் போய் ‘கயல்விழி எஸ்’. கடவுச்சீட்டு எடுக்கும்போது இனிஷியலை விரிக்கச் சொன்னதால் ‘கயல்விழி செல்வம்’. ஒரு மென்பொருள் குடும்பப்பெயர் வேண்டும் என்று அடம்பிடித்ததால் அவசரத்துக்கு யாரோ ஒரு புள்ளியை வைத்துவிட்டார், அங்கே ‘கயல்விழி.’ என்று இருக்கிறார். இன்னொன்று அவரை ‘மிஸ் செல்வம்’ என்று விளித்து மின்னஞ்சல் அனுப்புகிறது, அப்பா திகைக்கிறார். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டு, முதற்பெயர் இடத்தில் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கமாக எஃப்.என்.யு. என்று போடுவார்கள். அதைப் பார்த்துப் படிவம் நிரப்பிய யாரோ ஒருவரால், ‘ஃப்னு’ என்ற பெயரோடு அங்கே அலுவலகங்களில் அழைக்கப்படுவோர் உண்டு.

இந்த ஐந்தும் ஒரே கயல்விழிதான் என்று இயந்திரம் பெயரை வைத்துக் கண்டுபிடிக்காது. மின்னஞ்சல் முகவரி மாறக்கூடியது. விலகிப் போனவரின் முகவரியைப் புதியவருக்குக் கொடுக்கும் அலுவலகங்களும் உண்டு. ஊழியர் எண் ஓரளவு பரவாயில்லை. ஆகவே, முதல்முறை எப்படியோ பாடுபட்டுப் பொருத்தியபிறகு, அடுத்தமுறை தேடாமலிருக்க ஒரு கண்ணுக்குத் தெரியாத முடிச்சைப் போட்டுவைப்பார்கள். நோவெலில் அதன் பெயர் ‘அசோசியேஷன்’: வெளியமைப்பு தன் பதிவுக்குத் தானே வைத்திருக்கும் மாறாத எண்ணைப் பெட்டகத்தில் உள்ள ஆளோடு எழுதிவைப்பது. ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு கணக்கு பிறக்கும்போதே 128 பிட் நீளமுள்ள ஓர் எண் அதன் நெற்றியில் எழுதப்பட்டுவிடும். பெயர் மாறலாம், துறை மாறலாம், அந்த எண் மாறாது. கணக்கை நீக்கிவிட்டு அதே பெயரில், அதே முகவரியில் மறுபடி உருவாக்கினால் எண் வேறு. பார்க்கும் மனிதர்களுக்கு அதே கயல்விழி. ஒத்திசைவு மென்பொருளுக்கு, அவர் பெயரைத் திருடிக்கொண்டு வந்து நிற்கும் யாரோ. வேலையை விட்டுப் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருபவர்கள் இந்த வாசலில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

பொருத்தாமல் விடுவதைவிடத் தவறாகப் பொருத்துவது மோசம். எஸ். குமார்கள் இருவரை ஒருவராக்கிவிட்டால், ஒருவர் பதவி உயர்வு பெறும்போது மற்றவருக்கு நிதித் துறையின் கோப்புகள் திறந்துகொள்ளும். ஒன்றுக்கு மேல் ஆள் பொருந்தினால் அங்கேயே நின்று மனிதரைக் கூப்பிடுமாறு அமைத்துவைப்பதே நல்லது. கூப்பிட்டால் வருவதற்கு மனிதர் இருக்க வேண்டும் என்பது வேறு கதை.

முடிச்சுப் போட்டாயிற்று, உரிமையாளரும் தெரியும். அடுத்து மொழிபெயர்ப்பு. ஒரு அமைப்பு ‘பணியில் உள்ளார்’ என்று எழுதுவதை ஆக்டிவ் டைரக்டரி 512 என்று எழுதும், முடக்கிவிட்டால் 514. நடுவே கூடிய 2 தான் ‘முடக்கு’ என்ற கொடி. தேதிகள் இன்னும் விசித்திரம். விண்டோஸ் உலகம் 1601 ஜனவரி 1 முதல் காலத்தை எண்ணுகிறது, அதுவும் ஒரு நொடியைக் கோடியாக வகுத்த துண்டுகளில். கிரிகோரியன் நாட்காட்டியின் 400 ஆண்டுச் சுழற்சி ஒன்று அன்று தொடங்கியது. யூனிக்ஸ் உலகத்துக்கு ஆதி 1970. கணக்கு காலாவதியாகும் தேதிக்கான புலத்தில் 0 என்று இருந்தால் ஆக்டிவ் டைரக்டரியில் அதன் பொருள் ‘ஒருபோதும் காலாவதியாகாது’. தேதி காலியாக வந்தால் 0 போட்டுவிடு என்று ஒரு விதியை எழுதியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், இன்று மாலையோடு முடிய வேண்டிய தற்காலிகக் கணக்கு சிரஞ்சீவியாகிவிடும்.

எழுத்திலும் இது உண்டு. ‘கொடிமலர்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ககரத்தின் இருபுறமும் நிற்கும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டுகளை ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஒரு அமைப்பு பிரித்து அனுப்புகிறது, வாங்கிக்கொள்ளும் அமைப்பு சேர்த்து வைக்கிறது. அடுத்த சுற்றில் ஒப்பிட்டால் ‘பெயர் மாறிவிட்டது!’ மறுபடி எழுதும். அது மறுபடி சேர்க்கும். கொடிமலருக்கு ஒவ்வோர் இரவும் பெயர் சூட்டு விழா நடக்கும், அவருக்குத் தெரியாமலே. ஆக்டிவ் டைரக்டரியின் பழைய நுழைவுப்பெயர்ப் புலம் 20 எழுத்துக்கு மேல் ஏற்காது. அதற்காக நடுவில் வெட்டி எழுதினால் அங்கும் இப்படியே, அனுப்புவது 24, தங்குவது 20, ஒவ்வொரு சுற்றிலும் வித்தியாசம்.

இரண்டு திசையிலும் ஓடும் புலங்களில் இது எதிரொலியாகவே மாறும். தொலைபேசி எண்ணுக்கு முன்னால் நாட்டுக் குறியீட்டைச் சேர்க்கும் அமைப்பும், அதை நீக்கும் அமைப்பும் ஒன்றுக்கொன்று இணைக்கப்பட்டால், இரண்டும் பந்தடித்துக்கொண்டே இருக்கும். ‘இது நானே அனுப்பிய செய்தி, திரும்பி வந்திருக்கிறது’ என்று அடையாளம் கண்டு விழுங்கிவிடும் ஏற்பாடு நல்ல டிரைவர்களில் இருக்கும். ஆனால் உருமாறித் திரும்பும் எதிரொலியை அதனாலும் அடையாளம் காண முடியாது.

இரண்டு கைகள் ஒரே இடத்தில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 1960களிலேயே ஒரு பாடம் கிடைத்தது. எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு ஒன்றை இயக்கிவந்தார்கள். கணினிக் கடவுச்சொல்லை முதலில் பயன்படுத்திய அமைப்புகளில் ஒன்று அது. அதன் எடிட்டர், திருத்தும் கோப்பைத் தற்காலிகமாக வைக்க எப்போதும் ஒரே பெயரைப் பயன்படுத்தியது. ஒரு கோப்பகத்தில் ஒருவர்தான் வேலைசெய்வார் என்ற நம்பிக்கை. ஒருநாள் நிர்வாகிகள் இருவர் ஒரே கோப்பகத்தில் உட்கார்ந்தார்கள்: ஒருவர் அன்றைய வரவேற்புச் செய்தியைத் திருத்த, மற்றவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்த. இரண்டும் இடம் மாறின. அதன்பிறகு உள்ளே நுழைந்த ஒவ்வொருவரின் முனையத்திலும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன. கோர்பட்டோ தம் டூரிங் விருது உரையில் இதைத் தாமே நினைவுகூர்ந்தார்.

இன்று கடவுச்சொல்லைப் படிக்கும் நிலையில் பொதுவாக வைப்பதில்லை; ஒருவழியாகக் கலக்கி அரைத்த ஹேஷ் மட்டும் இருக்கும். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. அப்படியானால் அதை எப்படி இன்னொரு அமைப்புக்கு ஒத்திசைப்பது? ஒரு வழி, பயனர் மாற்றும் அந்த ஒரு கணத்தில், அரைபடுவதற்கு முன் பிடித்துக்கொள்வது. இதற்காக ஆக்டிவ் டைரக்டரியின் ஒவ்வொரு கட்டுப்பாட்டுச் சர்வரிலும் ஒரு சிறு நிரலை உட்காரவைக்க வேண்டும். ஒன்றை விட்டாலும், அந்த வழியாக மாற்றியவருக்குப் புதியது ஓரிடம், பழையது ஓரிடம். இன்னொரு வழி, அரைத்த மாவையே மறுபடி அரைத்து அனுப்புவது. மைக்ரோசாஃப்ட் தன் மேகக் கணினிச் சேவைக்கு (கிளவுட்) அனுப்பும்போது உப்புச் சேர்த்து (நிஜமாகவே அதற்கு உப்பு என்றுதான் பெயர்) 1000 முறை கலக்கி அனுப்புகிறது. மற்ற விவரங்களுக்கு அந்த மென்பொருள் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்; கடவுச்சொல்லுக்கு மட்டும் 2 நிமிடத்துக்கு ஒருமுறை. துறை பெயர் அரை மணி நேரம் பழையதாக இருந்தால் யாரும் ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிடுவதில்லை.

*

சேர்ப்பதில் தவறினால் புகார் வரும், திருத்திவிடலாம். நீக்குவதில் தவறினால் இரண்டில் ஒன்று நடக்கும்: எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், அல்லது யாருக்கும் எதுவும் தெரியாது.

முதல் வகை இப்படி வரும். எச்.ஆரிலிருந்து இரவுக் கோப்பு கிளம்புகிறது. வட்டில் இடம் இல்லாமல் பாதியில் அறுந்துபோகிறது. 4000 பேர் இருக்க வேண்டிய கோப்பில் 1100 பேர். ஒத்திசைவு மென்பொருளின் கண்ணில் இது தெளிவான செய்தி: 2900 பேர் நேற்றிரவு வேலையை விட்டுப் போய்விட்டார்கள். உரிமையாளர் சொல்லிவிட்டார், அவர் சொல்வதே செல்லும். இதைத் தடுக்க ஒரு மேல்வரம்பு வைப்பார்கள். மைக்ரோசாஃப்டின் மென்பொருள் ஒரே ஓட்டத்தில் 500 கணக்குகளுக்கு மேல் நீக்கப்போவதாகத் தெரிந்தால் இயல்பாகவே நின்றுவிடும். அந்த 500, சிறிய அலுவலகத்துக்குப் பொருளற்ற எண். 300 பேர் இருக்கும் இடத்தில் 300 பேரையும் அது தடையின்றி நீக்கும். வாங்கி நிறுவிய அன்றே இதை மாற்ற வேண்டும், பலரும் மாற்றுவதில்லை. நீக்காமல் முடக்கி வைப்பது அடுத்த அரண். மேகத்தில் நீக்கிய பயனர் கணக்கும் 30 நாள் மீட்கக்கூடிய நிலையில் கிடக்கும். புதிய விதிகளைப் போடும்போது, எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு எதையும் எழுதாமல் இருக்கும் ஒத்திகை நிலையும் உண்டு. ‘இதை ஓட்டினால் இத்தனை பேர் மாறுவார்கள்’ என்ற எண்ணை ஒரு மனிதர் பார்த்து, புருவத்தை உயர்த்தி, பிறகு ஓட்டவேண்டும்.

இரண்டாம் வகைக்குச் சத்தம் கிடையாது. 2018 ஏப்ரலில் சிஸ்கோ நிறுவனத்திலிருந்து ஒரு பொறியாளர் விலகினார். ஐந்து மாதம் கழித்து, செப்டம்பரில், அவர் அந்நிறுவனத்தின் மேகக் கட்டமைப்புக்குள் நுழைந்து 456 மெய்நிகர் கணினிகளை அழித்தார். 16,000க்கும் மேற்பட்ட வெப்எக்ஸ் டீம்ஸ் கணக்குகள் இரண்டு வாரம் வரை முடங்கின. சீர்செய்ய ஊழியர் நேரமாக மட்டும் சுமார் 14 லட்சம் டாலர் ஆயிற்று. வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது 10 லட்சத்துக்கும் மேல். நீதிமன்றம் அவருக்கு 24 மாதச் சிறை விதித்தது. நெட்வொர்க் கருவிகளை உலகுக்கே விற்கும் நிறுவனத்தில், போனவர் உள்ளே வர ஒரு வழி ஐந்து மாதம் அடைபடாமல் இருந்தது.

2021 மே 7 அன்று அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் கொலோனியல் குழாய்வழி, கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட தாக்குதல் ஒன்றால் நிறுத்தப்பட்டது. சுமார் 8,850 கிலோமீட்டர் நீளம். பணயத் தொகையாகக் கொடுத்தது 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் 44 லட்சம் டாலர். ஒரு வாரம் பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. உள்ளே வந்தவர்கள் பூட்டை உடைக்கவில்லை. பழைய விபிஎன் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் அவர்கள் கையில் இருந்தது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அதற்கு இல்லை. பயன்பாட்டில் இல்லை என்று எல்லாரும் கருதியிருந்த கணக்கு அது. நிறுவனத்தின் தலைவர் அமெரிக்க செனட் குழுவின் முன் இதைச் சொன்னார். பயன்பாட்டில் இல்லை என்று கருதுவது ஒன்று. ‘இல்லை’ என்று உரிமையோடு சொல்ல அந்தக் கணக்குக்கு ஒரு உரிமையாளர் இருப்பது வேறு.

என் கைப்பேசி எண்ணைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆனது. ஐ.டி. இளைஞர் ஒரே ஒரு வரியை மாற்றினார். அந்தப் புலம் மட்டும் இனி ஊழியரே சொல்வது செல்லும் என்று ஆயிற்று. அதற்கு மூன்று பேரின் கையெழுத்து வேண்டியிருந்தது. அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு அவர் மேசைக்குப் போனபோது, திரையில் வேறொரு பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். முடிச்சு இல்லாத கணக்குகள். கதவு அட்டை இருக்கிறது, சில இடங்களில் கணினி நுழைவும் இருக்கிறது, எச்.ஆரில் ஆள் இல்லை. ஒப்பந்தக்காரர் அனுப்பிய எலெக்ட்ரீஷியன்கள், ஏ.சி. பார்க்க வருபவர்கள், தணிக்கைக்கு வந்து மூன்று மாதம் இருந்தவர்கள்.

“இவங்க எல்லாம் இன்னும் இருக்காங்களா, போயிட்டாங்களான்னு யாரு சார் சொல்லுவாங்க?” என்று கேட்டார்.

இருவரும் கீழே போனோம். வாசலில் காவலுக்கு இருந்த பெரியவரிடம் நீளமான ஒரு நோட்டு இருந்தது. அட்டை வாங்கிய தேதி, கையெழுத்து. திருப்பிக் கொடுத்த தேதி, கையெழுத்து. கோடு போட்டு, நீல மையில், ஒரு வரி விடாமல் எழுதியிருந்தார். “எத்தனை வருஷமாங்க ஐயா எழுதுறீங்க?” என்று கேட்டதற்கு, இது நான்காவது நோட்டு என்றார். மற்ற மூன்றும் பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் இருந்தன. இளைஞர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் நோட்டிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.